திராட்சைப் பந்தலில் எடுத்த படம்

ஆத்தா,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது படம் இல்லை, எழுத்து. யூனிகோடில் தட்டச்சு செய்திருக்கிறேன். உன் போன் தடுமாறாமல் வாசிக்கும். என் போனிலும் திரையை வாசித்துக் காட்டும் அந்த வசதியைப் போட்டுக்கொண்டு, திரையை அணைத்துவிட்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் காதால் கேட்டுப் பார்த்த பிறகுதான் அனுப்புகிறேன். அந்தக் குரல்காரி ‘கம்பம்’ என்பதை வெளியூர்க்காரி மாதிரிச் சொல்கிறாள். மகளைக் கூப்பிடும் ‘ஆத்தா’வைக் கோபமாகச் சொல்கிறாள். அதற்கு நான் பொறுப்பில்லை. நீ வைத்திருக்கும் வேகத்தில் வைத்துக் கேட்டேன், ஒரு வார்த்தை பிடிபடவில்லை. எனக்கு எதற்கும் பொறுமை இல்லை என்று சொல்வாயே, உன் வேகத்துக்கு முன்னால் நான் மாட்டுவண்டிதான்.

உங்கம்மா கோயம்புத்தூருக்கு உன் வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. “புள்ள மசக்கையில கெடக்கா, பத்து நாள்ல வந்துருவேன், மாவு பிரிஜ்ஜுல இருக்கு” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறியவள். மாவு நான்காம் நாளே புளித்துவிட்டது. கார்த்திகையில் உனக்கு வளைகாப்பு. வளையல் அடுக்கியதும் பிள்ளைப்பேற்றுக்கு உன்னை இங்கே அழைத்து வரவேண்டும், அதுதான் முறை. “வருவாளா?” என்று போனில் கேட்டேன்.  உங்கம்மா சொன்னாள்: “அவ ஒண்ணே ஒண்ணுதான் சொல்றா. ‘அந்தப் படத்துல நான் எப்படி இருந்தேன்னு அப்பா எழுதி அனுப்பட்டும். நெசமா எழுதணும். அதக் கேட்டுட்டுத்தான் வரவா வேணாமான்னு சொல்லுவேன்’ங்கிறா. எழுதிக் குடுங்களேன். ஊருக்கெல்லாம் எழுதுறீக.”

இரண்டு தடவை எழுதினேன். இரண்டையும் திருப்பி அனுப்பிவிட்டாய். இது மூன்றாவது.

இப்போதைக்கு உனக்கு மட்டும்தான் அனுப்புகிறேன். ஆனால் உன் கல்யாணப் பத்திரிகையை எத்தனை வாட்ஸ்அப் குழுக்களில் போட்டேனோ அத்தனையிலும் இதையும் போடவேண்டும் என்று இருக்கிறது. தப்பை ஊர் பார்க்கச் செய்துவிட்டு, மன்னிப்பை மட்டும் காதோடு காதாகக் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நீ சரி என்று சொன்னால்தான் போடுவேன். அதனால், உனக்குத் தெரிந்த சில விஷயங்களையும் தெரியாதவர்களுக்காகச் சேர்த்து எழுதுகிறேன். பொறுத்துக்கொள்.

பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்த கையோடு இருபது வயதில் எனக்குக் கல்யாணம். இருபத்தொன்றில் நீ. இப்போது எனக்கு நாற்பத்து மூன்று. உன் கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் என் தோளில் கை போட்டு, “பொண்ணுக்கு அண்ணனுங்களா? அப்பாவ எங்கீங்க காணோம்?” என்று கேட்டார். சிரித்துக்கொண்டே அடுப்படிப் பக்கம் கையைக் காட்டிவிட்டேன். சர்க்யூட் போர்டு படித்தவன் கம்பத்தில் போஸ்டர் டிசைன் கடை வைத்தது தனிக் கதை. முன்பு பிளக்ஸ். இப்போது பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் அனுப்பும் டிஜிட்டல் போஸ்டர். கல்யாணம், காதுகுத்து, கடை திறப்பு, கண்ணீர் அஞ்சலி. கூடலூரிலிருந்து சின்னமனூர் வரைக்கும் யார் வீட்டு விசேஷமும் முதலில் என் கணினியில்தான் நடக்கும்.

நீ பிறக்கும்போதே பார்வை இல்லாமல் பிறந்தாய். அந்த வீட்டில் நான் பார்ப்பதையே பிழைப்பாக வைத்துக்கொண்டேன். நீ சின்னப் பிள்ளையாகக் கடையில் என் நாற்காலிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பாய். மவுஸ் சத்தம் கேட்டதும், “என்னப்பா செய்றீக?” என்பாய். “ஒண்ணுமில்லத்தா.” பிரின்டர் ஓடினால், “அது என்னப்பா?” “ஒண்ணுமில்ல, ஒரு காதுகுத்து.” வந்தவர்கள் திரையைப் பார்த்துச் சிரித்தால், “எதுக்குப்பா சிரிக்கிறாக?” “ஒண்ணுமில்ல, சும்மா.” உங்கம்மா அப்படி இல்லை. பஸ்ஸில் போனால் ஜன்னலுக்கு வெளியே ஓடுவதையெல்லாம் உனக்குச் சொல்லிக்கொண்டே வருவாள். வாழைத்தோப்பு, செங்கல் சூளை, ஒருத்தி, மாடு அவிழ்ந்து ஓட, பின்னாலேயே சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு ஓடுகிறாள் என்பது வரைக்கும். எனக்கு அவளைப் பார்த்து எரிச்சல்தான் வரும். ஒரு படத்தை வாயால் சொல்ல நேரம் ஆகும். அந்த நேரத்தில் இன்னொரு படம் முடித்துவிடலாம். இப்படித்தான் நினைத்தேன். மறைத்து எழுத ஒன்றுமில்லை.

வீரபாண்டித் திருவிழாவுக்கு உன்னைக் கூட்டிப்போனது நினைவிருக்கும். உனக்கு ஆறு வயது. கண் நோய்க்கு அம்மன் கைகொடுப்பாள் என்று உங்கம்மா ஆயிரங்கண் பானை எடுப்பதாக நேர்ந்திருந்தாள். சுற்றிலும் துளை துளையாக இருக்கும் அந்த மண்பானையை உன் மடியில் கொஞ்ச நேரம் வைத்தோம். நீ ஒவ்வொரு துளையாக விரலை விட்டுப் பார்த்துவிட்டு, “இந்தப் பானைக்கு எதுக்குப்பா இத்தன கண்ணு? ரெண்ட எனக்குக் குடுத்தா பத்தாதா?” என்றாய். பக்கத்தில் நின்ற பொம்பளைகளெல்லாம் சிரித்தார்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு ஒரே எரிச்சல். “சும்மா வாத்தா” என்று கையைப் பிடித்து இழுத்தேன். நீ கேட்டது வேடிக்கை. நான் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளத் தெரியாதவன்.

ஒன்பது வயதில் கேட்டதுதான் வேடிக்கை இல்லை. ஸ்கூல் விட்டு வந்து பையைக்கூடக் கழற்றாமல் கேட்டாய். “என் கண்ணு பாக்க எப்படிப்பா இருக்கும்? கூடப் படிக்கிற பானு பயமா இருக்குங்கிறா.” நான் ஒரு அரிசி மண்டிக்கு லோகோ போட்டுக்கொண்டிருந்தேன். “ஒண்ணுமில்லத்தா, நல்லாத்தான் இருக்கு.” பையைக் கழற்றித் தரையில் வைத்தாய். பிறகு உள்ளே போய்விட்டாய். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை நீ யாரிடமும் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை.

இப்போது பத்திரிகைக்கு வருகிறேன். கல்யாணத்துக்கு முன்னால் சுருளிப்பட்டித் திராட்சைத் தோட்டத்தில் உன்னை மட்டும் தனியாக நிற்கவைத்துப் படம் எடுத்தோம். கோயம்புத்தூரில் உன்னோடு வேலை பார்க்கும் பையன்தான் மாப்பிள்ளை. உன்னை உள்ளபடி தெரிந்தவர், அவர் வீட்டாருக்கும் எல்லாம் தெரியும். ஒளிக்க ஒன்றுமே இல்லை. ஆனால் டிஜிட்டல் பத்திரிகை என்பது தெரிந்தவர்களோடு நிற்பதில்லை, தெரியாத குழுவுக்கெல்லாம் போகும். ‘பாவம்’ என்று நாலு பேர் டைப் செய்வார்கள். அதை நான் படிக்கவேண்டும். அது என்னால் முடியாது என்று பட்டது. ஒரு நகைக்கடை விளம்பரத்துக்காக மாடல் படம் ஒன்று வைத்திருந்தேன். அந்தப் பெண்ணின் இரண்டு கண்களையும் வெட்டி, உன் முகத்தில் ஒட்டினேன். பக்கவாட்டில் இருந்த உன் முகத்தைக் கொஞ்சம் நேராகத் திருப்பினேன். நிறம் சேர்த்தேன், ஓரம் மழுக்கினேன். யாராலும் கண்டுபிடிக்க முடியாது. தொழிலில் அவ்வளவு சுத்தமாக நான் வேறு எதையும் செய்ததில்லை.

உங்கம்மா பார்த்த உடனே கண்டுபிடித்தாள். “ஏங்க, இது பஸ் ஸ்டாண்டு நகக்கடைக்காரி கண்ணுல்ல?” “வாய மூடு” என்றேன். மூடிக்கொண்டாள். அந்தக் குற்றத்தில் தனக்கும் பங்கு இருக்கிறது என்று இப்போது அவளே சொல்கிறாள். இல்லை ஆத்தா. அவள் வாயை மூடவைத்தது நான்.

பத்திரிகை உன் போனுக்கும் வந்தது. ‘படம்’ என்று மட்டும் சொல்லிவிட்டு உன் போன் நின்றுவிட்டது. நீ கூப்பிட்டாய். “என்னப்பா அனுப்பிருக்கீக?” “ஒண்ணுமில்லத்தா, உன் பத்திரிகைதான்.” உன் கல்யாணப் பத்திரிகையை நான் உன்னிடம் ‘ஒண்ணுமில்ல’ என்று சொல்லியிருக்கிறேன். நீ கோபப்படவில்லை. “எழுத்தா அனுப்புங்கப்பா, நானே படிச்சுக்கிறேன்” என்றாய். பெருமையாக ஒரு பிடிஎப் அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் மறுபடி கூப்பிட்டு, சிரிக்க முடியாமல் சிரித்துக்கொண்டு சொன்னாய்: “அப்பா, ஒரு எடத்துல ‘எம், கே, செமிகோலன், கே, ஹெச்’சுங்குது!” நான் இருபது வருஷமாகப் பழகிய பழைய எழுத்துருவில் அடித்திருந்தேன். பார்க்கிறவன் கண்ணுக்கு அது ‘அம்மா’. உள்ளே இருப்பது ஆங்கிலக் குப்பை. இந்தப் பக்கத்து டிடிபி கடைகளில் பாதிக்கு மேல் இன்றைக்கும் அப்படித்தான் அடிக்கிறோம். மாற்றி அடிக்க அரை மணி நேரம் ஆகியிருக்கும். “வேல கெடக்குத்தா, உங்கம்மா வாசிச்சுக் காட்டுவா” என்றேன்.

அவள் எழுத்தைத்தான் வாசித்தாள். படத்தை வாசிக்கவில்லை.

கல்யாணம் முடிந்து மூன்று மாதம் கழித்து உன் போனில் படத்தைப் பார்த்து விவரம் சொல்லும் செயலி ஒன்றைப் போட்டாய். ஒவ்வொரு படமாகக் காட்டியிருக்கிறாய். வீரபாண்டித் திருவிழா முடிந்த வாரம் அது. திருவிழாவுக்கு நீ வரவில்லை, வேலை என்றாய். நான் கடை வாசலில் மோர்ப் பந்தலுக்கு போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தேன். போன் வந்தது.

“அப்பா, ‘திராட்சைக் கொத்துகளுக்கு நடுவே ஓர் இளம்பெண், பெரிய கண்களோடு கேமராவை நேராகப் பார்த்துச் சிரிக்கிறாள்’னு சொல்லுது. யாருப்பா அது?”

“நீதான் ஆத்தா.”

“நான் எப்பப்பா கேமராவப் பாத்தேன்?”

ஒரு நிமிஷம் மிஷின் மீது பழி போட்டுவிடலாமா என்று யோசித்தேன். செயலி தப்பாகச் சொல்கிறது என்றால் நம்பியிருப்பாய். சொல்லவில்லை. அதைவிட மோசமாக ஒன்றைச் சொன்னேன். “பாக்க நல்லா இருக்கட்டுமேன்னுதான்...”

“அப்ப நல்லா இல்லையா?”

போன் வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு இத்தனை மாதமாக உனக்கும் எனக்கும் இடையில் “சாப்ட்டீகளா”, “ம்”, “மழையா”, “ஆமா”. அவ்வளவுதான்.

அடுத்த மாதம் ஒரு சங்கத்துக்காரர்கள் இலவசக் கண் சிகிச்சை முகாமுக்கு டிஜிட்டல் போஸ்டர் கேட்டார்கள். இருபத்திரண்டு நிர்வாகிகளின் முகம். “ஏலே, என் மூஞ்சி மட்டும் எலந்தப்பழம் கணக்கா இருக்கு, பெருசாக்குலே” என்று பொருளாளர் பக்கத்தில் உட்கார்ந்து விரட்டினார். முகங்கள் பெரிதாகப் பெரிதாக, தேதியும் இடமும் சுருங்கிக்கொண்டே போய்க் கடைசியில் மஞ்சள் பின்னணியில் வெள்ளை எழுத்தாக ஓரத்தில் ஒட்டிக்கொண்டன. இரண்டு நாள் கழித்து கூடலூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் பேரன் போனைக் கையில் பிடித்துக்கொண்டு கடைக்கு வந்தார். புரை விழுந்த கண். “தம்பி, இத நீங்கதான் அடிச்சீகளாம். முகாம் எங்கன, என்னைக்குன்னு வாய் வார்த்தையாச் சொல்லுங்க. எம்புட்டுப் பெருசாக்குனாலும் ஆளுக மூஞ்சிதான் பெருசாகுது.” நான் சொன்னேன். அவர் திரும்பிப் போகும்போது வாசல் படியைக் காலால் தேடினார். நான் அந்த முதுகையே பார்த்துக்கொண்டு நின்றேன். உன்னிடம் பேசியிருக்கவேண்டும் என்று தோன்றியது. போனில் உன் எண்ணைத் தேடி எடுத்தேன். “ம்” என்பாய் என்று வைத்துவிட்டேன்.

அன்றிலிருந்துதான் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். நீ கோயம்புத்தூரில் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்யும் அதே வேலையை, பார்வை இல்லாதவர்களும் வாசிக்கும்படி எதையும் ஆக்கித் தருவதை, உன்னிடம் கேட்காமல், நானாகத் தட்டுத்தடுமாறி. அடர்ந்த பின்னணியில் வெளிறிய எழுத்து, வெளிறிய பின்னணியில் அடர்ந்த எழுத்து, நடுவில் எதுவும் கூடாது. சிவப்பில் பச்சை வேண்டவே வேண்டாம். சேதியைப் படத்துக்குள் மட்டும் பூட்டிவைக்காமல் கீழே எழுத்தாகவும் அனுப்பு. படத்தில் யார், எங்கே, என்ன செய்கிறார்கள் என்று இரண்டு வரி. “என்னய்யா, போஸ்டருக்குக் கீழ கத எழுதிருக்க?” என்கிறார்கள். “கட்டாயம்” என்கிறேன். சண்டை போட்டுக்கொண்டு ஒரு வாடிக்கையாளர் போய்விட்டார். போகட்டும்.

ஊருக்கு எழுத வந்த அந்த இரண்டு வரி உனக்கு எழுத வரவில்லை. முதல் தடவை, ‘திராட்சைப் பந்தலில் அழகான மணப்பெண்’ என்று எழுதினேன். உங்கம்மா வழியாக பதில் வந்தது: “அழகுன்னா என்னன்னு கேக்குறா. சேல என்ன நெறம், கை எங்கன இருந்துச்சு, அதச் சொல்லச் சொல்றா.” இரண்டாவது தடவை ஒரு பக்கத்துக்கு எழுதினேன். வெளிச்சம் வந்த கோணம், சேலையின் நிறக் குறியீட்டு எண் முதல் எல்லாம் இருந்தது. “மிக்ஸி வாங்குனா உள்ள ஒரு பேப்பர் இருக்குமே, அது மாதிரி இருக்குங்கிறா” என்று உங்கம்மா சொல்லும்போது பின்னால் நீ சிரிக்கும் சத்தம் கேட்டது. எத்தனை மாதத்துக்குப் பிறகு கேட்ட சிரிப்பு. ‘கண்ணப் பத்தி ஒரு வரிகூட இல்ல’ என்று நீ சொன்னதையும் அவள் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை இன்று. கடை இல்லை. மலைப்பக்கம் காலையிலிருந்து மழை. வீட்டில் பேசுகிற ஆள் இல்லை என்பதால் போனின் அந்தக் குரலை ஓடவிட்டுக்கொண்டே வேலை செய்யப் பழகிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு உங்கம்மாவுக்கு ஒரு செய்தி அனுப்பிப் பார்த்தேன். அது கண்ணீர் அஞ்சலிக் குழுவுக்குப் போய்விட்டது. ‘ரசப்பொடி எங்கே’ என்ற கேள்விக்குப் பதினோரு பேர் கைகூப்பியிருக்கிறார்கள். சொல்லிச் சிரிக்க ஆள் இல்லை. நீ இந்த வீட்டில் இருந்த வருஷங்களில் எத்தனை கேள்வி கேட்டாய், எத்தனைக்கு நான் கதவைச் சாத்தினேன் என்று இப்போதுதான் தெரிகிறது. பதில் வராத வீடு இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது.

இன்று காலையில், ஒட்டு வேலை செய்யாத அசல் படத்தைத் தேடி எடுத்தேன். பத்திரிகைக்காக வெட்டிய பிறகு அதை நான் திறக்கவே இல்லை. எழுதுவதற்காக முதல் தடவையாக அதை முழுதாகப் பார்த்தேன். இதோ.

திராட்சைப் பந்தல். இலைகளுக்கு நடுவே வெயில் துண்டு துண்டாக விழுகிறது. அடியில் நீ நிற்கிறாய். பச்சைச் சேலை, அரக்குக் கரை. வலது கையைத் தூக்கி ஒரு கொத்தைப் பிடித்திருக்கிறாய்; பறிக்கவில்லை, கட்டைவிரலால் ஒரு பழத்தைத் தடவிக்கொண்டிருக்கிறாய். இடது கையில் மடக்கிய வெள்ளைக் கோல். பத்திரிகையில் அதையும் அழித்திருந்தேன். உன் கண்கள் முழுதாகத் திறந்திருக்கவில்லை. இடது கண் வலது கண்ணைவிடச் சிறியது. இரண்டிலும் கருவிழியின் மேல் பால் கலந்த தண்ணீர் மாதிரி ஒரு படலம். வலது கண் கொஞ்சம் மேலே போயிருக்கிறது. முதல் முறை பார்க்கிற சின்னப் பிள்ளை பயப்படலாம். பானு பொய் சொல்லவில்லை. பார்த்துப் பழகியவர்களுக்கு அது உன் கண். நீ சிரிக்கும்போது இரண்டும் இன்னும் சுருங்கும். இந்தப் படத்தில் நன்றாகச் சுருங்கியிருக்கின்றன. வாய் நிறையச் சிரிக்கிறாய்.

முகம் கேமரா பக்கம் இல்லை. படத்தின் இடது ஓரத்துக்குத் திரும்பியிருக்கிறது. காது, கன்னம், தாடை எல்லாம் அந்தப் பக்கம். அந்த ஓரத்தில் ஒரு முழங்கை தெரிகிறது. நீலக் கட்டம் போட்ட சட்டை.

அது நான். எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. “கம்பி தலையில இடிக்கும், குனிஞ்சுக்கத்தா” என்று கத்தினேன். கம்பி உன் தலைக்கு ஒரு முழம் மேலே இருந்தது, அது உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதற்குத்தான் சிரித்தாய். போட்டோக்காரர் “மேடம், இங்க பாருங்க” என்றார். நான், “கேமரா அங்கன இருக்கு, இங்கன என்ன பார்வ?” என்று அதட்டினேன். அதற்கும் என் பக்கமே திரும்பிச் சிரித்தாய். நீ என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய் ஆத்தா. உன் வழியில். அந்தப் பார்வையைத்தான் சரியில்லை என்று வெட்டி எறிந்தேன்.

அறிவுரை சொல்லும் தகுதி எனக்கு இல்லை, ஆனாலும் அப்பன். ஒன்றே ஒன்று. நாளைக்கு உன் பிள்ளையைக் கையில் வாங்கியதும், “என்ன மாதிரி இருக்கு?” என்று நீ கேட்பாய். டாக்டர், நர்ஸ், சொந்தக்காரர் யாராவது “ஒண்ணுமில்ல, நல்லா இருக்கு” என்றால் விடாதே. மூக்கு எப்படி, முடி எவ்வளவு, கண்ணைத் திறந்திருக்கிறதா என்று கேள். பதில் வரும்வரை கேள். நான் பக்கத்தில் நிற்க நீ விட்டால், நான் சொல்வேன். இருப்பது எதுவோ அதைச் சொல்வேன். அதற்காகத்தான் இத்தனை மாதமும் பழகிக்கொண்டிருக்கிறேன்.

வளைகாப்புப் போஸ்டர் இன்னும் போடவில்லை. அந்த அசல் படத்தை, முழங்கையோடு, கோலோடு, வெட்டாமல் வைக்கலாமா என்று நீ சொல்லவேண்டும். இந்தக் கடிதம் அதற்குக் கீழே எழுத்தாகப் போகும். உன்னைத் தவிர வேறு யாராவது இதை வாசித்துக்கொண்டிருந்தால், நீ சரி என்று சொல்லிவிட்டாய் என்றும், நான் உன் பெட்டியைத் தூக்கி வரக் கோயம்புத்தூர் பஸ்ஸில் ஏறிவிட்டேன் என்றும் அவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

அப்பா